நான் ஏற்படுத்திய உராய்வு

பின் டயர்களில் தொடங்கினேன். அதனால் முதல் இரண்டு பழங்களை நான் எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. முன்பக்கம் வந்து மூன்றாவதைக் குனிந்து எடுத்தபோதுதான் ஒரு அம்மா “அய்யய்யோ, அந்த டீச்சர் என்ன பண்றாங்க பாருங்க” என்று கத்தினார். நான்காவதையும் எடுத்து, நான்கு எலுமிச்சம்பழங்களையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

காலை ஆறரை மணி. பஸ்ஸுக்குள் நாற்பத்தாறு பெண்கள், எல்லாம் ஒன்பதாம் வகுப்பு. தலை நிறைய மல்லிகை, மடியில் புளிசாதப் பொட்டலம். டிரைவர் செங்கோடன் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளியின் தாளாளர் கற்பூரத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றிருந்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் பழங்கள் நசுங்கி, வண்டி ஏற்காட்டுக்குக் கிளம்பியிருக்கும்.

நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு நான் செய்த காரியத்தின் கனத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் டீசல் இல்லாமல்கூட ஒரு வண்டி கிளம்பிவிடும், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் இல்லாமல் கிளம்பாது. அதை வைத்த பிறகு எடுப்பது, தாலி கட்டும் நேரத்தில் மேளத்தை நிறுத்தச் சொல்வது போல.

தாளாளரின் கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. “டீச்சர், உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குதுங்களா?” என்றார்.

மரியாதையான மனிதர். பைத்தியத்துக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

முந்தின நாள் சாயங்காலம்

என் வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் பிரேக் லைனிங் பட்டறை. லாரி, பஸ் சக்கரத்துக்குள் ஒரு இரும்பு டிரம் சுற்றும். பிரேக்கை மிதித்தால் ஷூ என்கிற இரும்பு வளைவு விரிந்து அந்த டிரம்மில் அழுந்தும். ஷூவின் முதுகில் ரிவிட் அடித்துப் பொருத்திய தடித்த பட்டைதான் லைனிங். அது டிரம்மோடு உரசுவதால் வண்டி நிற்கிறது. உரச உரசத் தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

இவர் என்னைப் பெண் பார்க்க வந்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, “உங்கள் கணவர் அவ்வளவு சாதுவா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம். பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால் இவர் மன்னிப்புக் கேட்பார். எது சொன்னாலும் ‘சரிங்க’. எனக்கு வாய்த்த வாய்க்கு எதிர்ப்பக்கம் இப்படி ஒருவர் இருந்ததால்தான் இருபது வருடமாகக் குடித்தனம் நடக்கிறது என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்வார்.

அன்று சாயங்காலம் அவர் கிணற்றடியில் சோப்புத்தூள் போட்டுக் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்.

“உங்க ஸ்கூலு ஏழாம் நம்பரு வண்டி சத்தம் போடுது. லைனிங் முடிஞ்சுபோச்சு, ரிவிட்டு டிரம்முல ஒரசுதுன்னு உங்க மேனேசருகிட்டச் சொன்னேன். முழுப்பரீட்ச லீவுல பாத்துக்கலாம்னுட்டாரு.”

“நீங்க என்னங்க சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது. சரிங்கன்னு வந்துட்டேன்.”

எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை. ஏழாம் நம்பர் ஊருக்குள் ஓடுகிற வண்டி. எங்கள் ஊர்ச் சாலைகளில் மேடு என்று சொன்னால் அது வேகத்தடை மட்டும்தான். சுற்றுலாவுக்கு வெளியிலிருந்து பெரிய வண்டி வருவதாக ஏற்பாடு. அது கடைசி நேரத்தில் வரவில்லை. காலையில் பள்ளி வாசலுக்கு வந்து பார்த்தால், வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, ஏழாம் நம்பர் நிற்கிறது.

ஏற்காட்டுக்கு ஏறுவதில் பயமில்லை. இறங்க வேண்டுமே. இருபது கொண்டை ஊசி வளைவு, வண்டி நிறைய பிள்ளைகள், இல்லாத லைனிங்.

அவித்த முட்டையும் சோப்புத் தண்ணீரும்

நான் இயற்பியல் டீச்சர். உராய்வுப் பாடத்துக்கு வகுப்புக்கு ஒரு அவித்த முட்டையோடும் ஒரு குவளை சோப்புத் தண்ணீரோடும் போவேன். முட்டைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, தோல் உரித்த முட்டையை இரண்டே விரலால் தூக்கச் சொல்வேன். அது வழுக்கி மேசையெல்லாம் ஓடும். வகுப்பே சிரிக்கும். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு தூக்குபவருக்கு முட்டை சொந்தம்.

புத்தகங்களில் உராய்வை ‘தேவையான தீமை’ என்று எழுதியிருப்பார்கள். இயந்திரம் தேய்கிறது, சூடாகிறது, ஆற்றல் வீணாகிறது, அதனால் தீமையாம். அது இல்லாவிட்டால் நடக்க முடியாது, எழுத முடியாது, கட்டிய புடவை இடுப்பில் நிற்காது, அதனால் தேவையாம். ‘தீமை’ என்ற சொல்லைப் பென்சிலால் அடிக்கச் சொல்வேன். நடக்கவும் நிற்கவும் உதவுகிற ஒன்றைத் தீமை என்று எழுதியவர் ஒரு நாள் எண்ணெய் கொட்டிய தரையில் நடந்து பார்க்கட்டும்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிரியா என்ற பெண்தான் அந்த வருடம் முட்டையை ஜெயித்தாள். அப்பா தறி ஓட்டுபவர். அவளுக்கு இது முதல் சுற்றுலா. அதற்காகவே வாங்கிய ரோஸ் நிறச் சுடிதாரைப் பத்து நாளாக என்னிடம் வர்ணித்துக்கொண்டிருந்தாள்.

மெமோவில் வந்த சொல்

உராய்வு என்ற அதே சொல் எனக்கு ஒரு முறை தட்டச்சில் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஆசிரியர்களுக்கு விடுமுறை வேண்டும் என்று கேட்டிருந்தேன். எல்லா ஆசிரியர்களும் ஓய்வறையில் “கேளுங்க டீச்சர், கேளுங்க” என்றார்கள். கூட்டத்தில் நான் எழுந்து கேட்டபோது அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தரையில் ஏதோ விழுந்துவிட்டது, குனிந்து தேடினார்கள்.

மறுநாள் மெமோ. ‘தாங்கள் நிர்வாகத்துக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே உராய்வை ஏற்படுத்தி வருவதாகத் தெரியவருகிறது.’

எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பாடத்தில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: உராய்வுக்கு இரண்டு பரப்புகள் வேண்டும். ஒரே பரப்பு தன்னந்தனியாக உராய முடியாது. மெமோ மட்டும் ஒருவருக்குத்தான் வருகிறது. இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பேன். மேசையில் சும்மா கிடக்கிற புத்தகத்துக்கு உராய்வு கிடையாது. யாராவது அதைத் தள்ளப் பார்க்கும்போதுதான் அது எதிர்க்கும். என்னை ஏழு நாளும் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, நான் உராய்கிறேன் என்றால் எப்படி?

என் மாமியாரும் கல்யாணமான புதிதில் இதையே வீட்டுத் தமிழில் சொன்னார்: “இவ வந்ததுல இருந்து ஊட்டுல ஒரே ஒரசல்.” அவருக்காவது என்னைப் பிடிக்காமல் இருக்க நியாயம் இருந்தது. அவருடைய பிள்ளையைச் சமையலறைக்குள் விட்டவள் நான்.

அந்த மெமோவுக்கு நான் பதில் கொடுக்கவில்லை. கொடுத்திருப்பேன். ஆனால் என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் தாளாளர் அறை பீரோவில் இருந்தன. எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளி பலவற்றில் வேலைக்குச் சேரும்போது அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்சி. வரை என் படிப்பு மொத்தமும் ஒரு பச்சைக் கோப்பில், அவர் சாவிக்குள். அது கையில் இல்லாமல் வேறு எந்தப் பள்ளியிலும் வேலை கேட்க முடியாது. வாய் நீளமானவர்களையும் அந்தப் பீரோ அடக்கி வைத்திருந்தது.

பழம் இல்லாத வண்டி

எலுமிச்சம்பழத்தில் கை வைப்பதற்கு முன் நான் முறையாகத்தான் பேசிப் பார்த்தேன். முதலில் வண்டிகளுக்குப் பொறுப்பான மேனேஜரிடம் போனேன்.

“ஏனுங்க சார், ஏழாம் நம்பருக்கு லைனிங் இல்லைன்னு நேத்துத்தானுங்க சொல்லியிருக்காங்க?”

“அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணியாச்சுங்க டீச்சர்.”

அட்ஜஸ்ட் என்றால் ஷூவைக் கொஞ்சம் டிரம் பக்கமாக நெருக்கி வைப்பது. இல்லாத லைனிங்கை அது கொண்டுவந்து தராது. லைனிங் பட்டறைக்காரர் பெண்டாட்டியிடம் அதைச் சொல்கிறார்.

தாளாளரிடம் போனேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டும், டிரம் பழுக்கக் காயும், லைனிங் நன்றாக இருக்கிற வண்டிக்கே அப்போது பிடிப்புக் குறையும் என்றேன். இதற்கு ரிவிட் மட்டும்தான் மிச்சம் என்றேன். அவர் கற்பூரத்தைப் பற்றவைத்துக்கொண்டே சிரித்தார்.

“டீச்சர், இது கிளாஸ் இல்லீங்க. நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப அபசகுனமாப் பேசாதீங்க.”

சுற்றி நின்ற பெற்றோர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் லாரித் தொழில்காரர்கள். அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் பள்ளி வாசலில் தாளாளரை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஜன்னலிலிருந்து பிரியா ரோஸ் நிறக் கையை நீட்டி எனக்கு ஆட்டினாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் பீரோ, பச்சைக் கோப்பு எல்லாம் எனக்கு மறந்துபோனது. போனால் போகட்டும் என்று இருந்தது. வண்டியின் பின்பக்கம் போனேன்.

மற்றது தெரியுமே. நான்காவது பழமும் பைக்குள் போனதும் வண்டியின் சத்தம் நின்றது. செங்கோடன் அண்ணன் சாவியைத் திருகிவிட்டுக் கீழே இறங்கினார்.

“பழத்த எடுத்துப்போட்டாங்க சார். இனி இந்த வண்டிய நான் நவுத்த மாட்டேனுங்க.”

“வேற பழம் வாங்கியாரச் சொல்றேன்யா.”

“ஒருவாட்டி எடுத்தா எடுத்ததுதானுங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க.”

தாளாளர் அதட்டினார். மேனேஜர் கெஞ்சினார். மனிதர் அசையவில்லை. அதற்குள் ஒரு அம்மா, “அந்த வண்டில எம்புள்ள போக வேண்டாமுங்க” என்று மகளின் பையைப் பிடித்து இழுத்தார். பிறகு இன்னொரு அம்மா. கால் மணி நேரத்தில் வண்டி காலி. டிரம், சூடு, இறக்கம் என்று நான் சொன்ன எதற்கும் நகராத கூட்டம், நான்கு எலுமிச்சம்பழத்துக்கு நகர்ந்தது. இயற்பியல் டீச்சருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? எனக்கு அவமானமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரியா என்னைத் தாண்டிப் போனாள். கண் மை கன்னம் வரைக்கும் வந்திருந்தது. “உங்களாலதான் மிஸ்” என்றாள்.

ஒரு வார்த்தைதான். மெமோவை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு செங்கோடன் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “நீங்க இவ்வளவு சகுனம் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்ண்ணா” என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “சகுனமாவது ஒண்ணாவதுங்க. பத்து நாளா மிதிச்சா பெடலு அடிவரைக்கும் போகுது. பிரேக்கு இல்லைன்னு சொன்னா என் வேல போயிருமுங்க டீச்சர். பழம் இல்லைன்னு சொன்னா என்னைய யாரு என்ன பண்ண முடியும்?”

டிரம்மைத் திறந்தபோது

“தொறந்து பாத்து ஒண்ணுமில்லீன்னா, அந்தம்மா இன்னைக்கே வெளிய” என்று சொல்லித் தாளாளர் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினார். எப்போதும் போகிற பட்டறைக்குத்தான். அது யாருடையது என்பது கோபத்தில் அவருக்கு நினைவில்லை.

பின்பக்கத்து டிரம்மைக் கழற்றினார்கள். லைனிங் அப்பளம் கனத்தில் இருந்தது. ரிவிட் தலைகள் எல்லாம் தேய்ந்து பளபளவென்று மின்னின. டிரம்மின் உட்பக்கம் சுற்றிலும் வரி வரியாகக் கீறல். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், “சின்ன வேலைதானுங்க சார்” என்றாராம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். நான் பையிலிருந்து பழங்களை எடுத்து வைத்தேன். இரண்டை அறுத்து, கையில் ஒட்டிய கிரீஸில் தேய்த்துக் கழுவினார். மீதி இரண்டை நான் பிழிந்து சர்க்கரை போட்டேன். ஆளுக்கொரு தம்ளர் குடித்தோம்.

மறுநாள் எனக்கு வகுப்பு இல்லை என்று தகவல் வந்தது. சுற்றுலா ‘பாதுகாப்புக் காரணங்களால்’ ரத்து என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். அந்தப் பாதுகாப்புக் காரணம் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

மேசைமேல் ஒரு கடிதம்

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்காரர் பட்டறையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை.

“நானும் வாரேன்.”

“நீங்க எதுக்குங்க? நீங்க வந்தா சரிங்கன்னு சொல்லிப்போடுவீங்க.”

அவர் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

தாளாளரின் மேசையில் என் பச்சைக் கோப்பு இருந்தது. அதன்மேல் ஒரு கடிதம், ஒரு பேனா. அவர் அன்பாகவே பேசினார்.

“வண்டிய ரிப்பேர் பண்ணியாச்சுங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் கோபமில்லீங்க. பேரண்ட்ஸ் முன்னால நடந்ததுதான் தப்பு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, திங்கக்கிழம வேலைக்கு வந்துருங்க. வேண்டாம்னா சர்ட்டிபிகேட்டு குடுக்கறதுக்குக் கொஞ்ச நாளாகுமுங்க.”

கடிதத்தைப் படித்தேன். ‘பள்ளி வளாகத்தில் என்னால் ஏற்பட்ட உராய்வுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.’

“உராய்வுக்கு வருந்த மாட்டேனுங்க சார்” என்றேன். “வேணும்னா பழத்துக்கு வருந்தறேன். நாலு பழம் புதுசா வாங்கித் தந்தர்றேன்.”

“அப்பறம் உங்க இஷ்டமுங்க” என்று கோப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். மஞ்சள் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துப் பிரித்து, அந்தக் கடிதத்தின்மேல் வைத்தார். வளைந்த கருப்புப் பட்டை. நடுவில் ரிவிட் மின்னியது. கழற்றிய லைனிங்கை அன்றன்றைக்கே குப்பையில் போடுகிறவர், இதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். எனக்கே தெரியாது.

“ஏழாம் நம்பரு வண்டிதுங்க. பின் சக்கரம். டீச்சரு எதுக்கு வருந்தோணும்னு இதுல காட்டுங்க சார்.”

தாளாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “எங்க வண்டி பன்னெண்டும் உங்க பட்டறைக்குத்தானுங்க வருது. ஞாபகம் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. பன்னெண்டு வண்டிலயும் புள்ளைங்க போகுதுங்க. அதும் ஞாபகம் இருக்குதுங்க.”

“முதல்ல இதை எடுங்க.”

“உங்க வண்டிதுங்க. எனக்கு எதுக்கு? இங்க வேண்டாம்னா பேரண்ட்ஸ் மீட்டிங்குல கொண்டாந்து வெக்கறேனுங்க.”

குரல் உயரவே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ இருந்தது. பிறகு பச்சைக் கோப்பு மேசையின்மேல் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தது.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பி.எஸ்சி., பி.எட்., எம்.எஸ்சி. எல்லாம் இருந்தது. கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கடிதத்தில் கருப்புக் கறை படிந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டுமா என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் காலி மஞ்சள் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“பன்னெண்டு வண்டியும் இனி வராது” என்றார்.

“வராட்டிப் போகட்டுங்க.”

“ஆமா, போகட்டும்.” இன்னொரு முறையும் சொன்னார், தனக்கே சொல்வது போல.

பள்ளி விட்ட நேரம். ஏழாம் நம்பர் எங்களுக்குப் பின்னால் வந்து வாசலில் நின்றது. கீச்சென்ற சத்தம் இல்லை, மிதித்த இடத்தில் நின்றது. செங்கோடன் அண்ணன் எங்களை முதலில் போகச் சொல்லிக் கை காட்டினார். மாதம் ஒரு முறை ஊருக்கு விடுகிற வெள்ளிக்கிழமை அது, விடுதிப் பிள்ளைகளை அந்த வண்டியிலேயே ஊருக்கு அனுப்புகிறார்கள். மூன்றாவது ஜன்னலில் பிரியா. என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிக்கொள்ளட்டும். எத்தனை வருடம் வேண்டுமானாலும் கோபமாக இருக்கட்டும். இன்றைக்கு அவள் ஆட்டையாம்பட்டி போய்ச் சேருவாள்.